நான்கு வருடத்துக்கு நான்கு கோடு

பண்ருட்டி முந்திரி மண்டியில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் தனிப் பூஜ்யம் போட மாட்டார்கள். ஓர் எண்ணுக்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் வேண்டுமானாலும் வரட்டும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஒரு வரியில் பூஜ்யம் மட்டும் தனியாக உட்காரக் கூடாது. வியாபாரம் நடக்காத நாளுக்கு ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விட வேண்டும். வீட்டில் அரிசி தீர்ந்தால் 'இல்லை' என்று வாயால் சொல்லாமல் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்கிறோமே, அதுபோலத்தான். ஜெயப்பிரகாஷ் பத்தொன்பது வயதில் மண்டியில் சேர்ந்த முதல் வாரமே பேரேட்டில் ஒரு பூஜ்யத்தைப் போட்டு, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் கை அந்தத் தப்பைச் செய்ததில்லை.

இப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், கடன் கேட்டு பேங்குக்குப் போகிறவர்களுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கிறான். பேரேடு போய் எக்செல் வந்துவிட்டது. கோடு மட்டும் அவனோடேயே வந்துவிட்டது. வருமானம் இல்லாத வருடத்துக்கு அவன் கட்டத்தில் ஒரு கோடு தட்டுவான். பார்க்க லட்சணமாக இருக்கும். பதினோரு வருடமாக எந்த மேனேஜரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. மேனேஜர்கள் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்க்கிறவர்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஐ.ஆர்.ஆர். என்று பெயர். இன்றைக்குப் போடுகிற பணம், பிறகு வரப்போகிற பணம் எல்லாவற்றையும் வருட வாரியாக வரிசையில் வைத்தால், போட்ட பணம் வருடத்துக்கு நூற்றுக்கு எத்தனை ஈட்டுகிறது என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். கடன் வட்டியைவிட அது கூடுதலாக இருந்தால் தொழிலில் இறங்கலாம், குறைவாக இருந்தால் பேசாமல் வீட்டில் இருக்கலாம். 'அந்த ஒரு நம்பர்தாங்க ஜாதகம், மத்ததெல்லாம் பேப்பர்' என்று ஜெயப்பிரகாஷ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரஃபியுதீன் வந்தார். நெல்லிக்குப்பத்துக்காரர், குவைத்தில் பதினெட்டு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அத்தா விட்டுப்போன நிலத்தில் தென்னை வைக்க ஆசை. ஜெயப்பிரகாஷ் கொடுத்தனுப்பிய ஷீட்டில் தானே எண்களை நிரப்பிக்கொண்டு லேப்டாப்போடு வந்திருந்தார்.

"அண்ணே, எல்லாம் போட்டுட்டேன். கடைசி கட்டத்துல மட்டும் நம்பர் வரமாட்டேங்குது. எரர்னு நிக்குது."

ஜெயப்பிரகாஷ் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தான். முப்பது லட்சம் முதலீட்டுக்கு முன்னால் மைனஸ் இல்லை.

"கைய விட்டு போன பணத்துக்கு மைனஸ் போடணும் பாய். எல்லாமே வரவுன்னு போட்டா, எதுக்குடா வட்டி கேக்குறாங்கன்னு அது முழிக்குது."

"மொத வரியிலயே மைனஸ் போட மனசு வரலண்ணே" என்றார் ரஃபியுதீன். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

மைனஸ் போட்டதும் எரர் மறைந்து 21.4 என்று வந்தது. ரஃபியுதீன் முகம் மலரவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எம்பொண்ணு அம்ரீன் பி.காம். படிக்குது. அதே கணக்க அது தனியா போன்ல போட்டு பாத்துச்சு. அதுக்கு ஒம்பதரைதான் வருது. ரெண்டுல எது சரி?"

கல்லூரிப் பெண்கள் போனில் போடுகிற கணக்குதானே என்று ஜெயப்பிரகாஷ் தெம்பாக வரி வரியாக ஒப்பிட்டான். முதலீடு ஒன்றுதான். ஆறாம் வருடத்திலிருந்து பத்து வருடத்துக்கு ஏழரை லட்சம், அதுவும் ஒன்றுதான். தென்னை காய்க்காத முதல் ஐந்து வருடத்துக்கு அவள் பூஜ்யம் போட்டிருந்தாள். அவன் ஷீட்டில் அவனே தட்டிக் கொடுத்திருந்த ஐந்து கோடு இருந்தது. வேறு வித்தியாசமே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் பாய்" என்று சொல்லிக்கொண்டே, அதை நிரூபித்துக் காட்ட முதல் கோட்டை அழித்துப் பூஜ்யம் போட்டான். 21.4 சரிந்து பதினேழுக்குக் கிட்டே வந்து நின்றது. இரண்டாவது கோட்டை அழித்தான், பதினான்கு. மூன்றாவதுக்குப் பன்னிரண்டு. நான்காவதுக்குப் பத்தரை. ஐந்தாவதையும் அழித்தபோது ஒன்பதரை.

விஷயம் அவ்வளவுதான். எண் இல்லாத கட்டத்தை அந்தச் சூத்திரம் கண்டுகொள்ளாது. கோடு போட்ட வருடம் அதற்கு வருடமே இல்லை, தாண்டிப் போய்விடும். ஆறாம் வருடம் காய்க்க வேண்டிய தென்னை அடுத்த வருடமே காய்த்துத் தொங்குவதாக எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். எரர் எதுவும் காட்டாது. மைனஸ் போட மறந்தால் கத்துகிற அந்த ஷீட், ஐந்து வருடத்தை விழுங்கிவிட்டுச் சத்தம் போடாமல் இருக்கும்.

"நல்லவேளைண்ணே, பணம் போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது. அல்ஹம்துலில்லாஹ். நான் யோசிச்சு செய்றேன்" என்று ரஃபியுதீன் எழுந்தார். கோபிக்கவில்லை. போகும்போது டீ சொல்லிவிட்டுப் போனார். அந்த டீ ஆறி ஆடை படர்ந்ததை ஜெயப்பிரகாஷ் கவனிக்கவில்லை. அவன் சுப்பராயலு மாமாவின் ஷீட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

சுப்பராயலு அவன் அக்கா புஷ்பவள்ளியின் கணவர். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் கொதிகலனோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சிதம்பரத்தில் இருந்த சொந்த வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் வந்தது இருபத்துநான்கு லட்சம். பேங்கில் போட்டுவிட்டு மாதம் பதினாலாயிரம் வட்டியில் காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் அந்த மனிதர் இருந்தார். பெரிய ஆசை எதுவும் இல்லாதவர். ஜெயப்பிரகாஷ்தான் விடவில்லை. பண்ருட்டிப் பக்கம் ஐந்து ஏக்கர் பன்னிரண்டு வருடக் குத்தகைக்கு வருகிறது, ஒட்டுப் பலா வைக்கலாம், முதல் நான்கு வருடம் காய்ப்பு இருக்காது, ஆனால் ஊடுபயிராக மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டால் கூலிக்கும் தண்ணீருக்கும் அதுவே சரியாகப் போய்விடும், ஐந்தாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு ஆறு லட்சம் என்று ஷீட் போட்டுக் காட்டினான். 18.6 வந்தது. "பேங்குல ஏழு மாமா, இங்க பதினெட்டரைக்கு மேல" என்று அவன் சொன்னதும், மாமா செக் புத்தகத்தை எடுத்து அவனிடமே நிரப்பக் கொடுத்தார்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து நிலமும் குத்தகைக்கு வருகிறது என்று போன மாதம் தகவல் வந்தது. கையில் பணமில்லை. வீட்டை அடமானம் வைத்தால் ஒரு ஃபைனான்ஸில் இருபது லட்சம் தருகிறார்கள், வட்டி பதின்மூன்று. "பதிமூணுக்கு வாங்கி பதினெட்டுக்கு போடுறோம், யோசிக்க என்ன இருக்குது மாமா" என்று சொன்னதும் ஜெயப்பிரகாஷ்தான். முதல் தோட்டம் அடுத்த வருடம் காய்க்கும், அந்த வருமானத்தில் வீட்டுக்கடன் தவணையைக் கட்டிவிடலாம் என்று அதற்கும் ஒரு ஷீட் போட்டிருந்தான். கையெழுத்து வெள்ளிக்கிழமை. அதாவது நாளைக்கு.

மாமாவின் ஷீட் திறந்தது. நான்கு வருடத்துக்கு நான்கு கோடு. ஒவ்வொன்றாக அழித்துப் பூஜ்யம் போட்டான். 8.7.

எட்டே முக்கால்கூட ஈட்டாத தோட்டத்துக்குப் பதின்மூன்று வட்டிக்குக் கடன். முதல் தோட்டத்துப் பலாவை இரண்டாம் தோட்டத்துத் தவணை தின்னும். இரண்டாம் தோட்டம் நான்கு வருடம் ஒன்றும் தராது. ஒரு வருடம் மழை ஏமாற்றினால் போதும், அக்காவின் வீடு போய்விடும்.

அந்த நிமிடமே அவன் எழுந்து சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். அல்லது போனையாவது எடுத்திருக்க வேண்டும். அவன் அதைச் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எண்ணைத் திருத்த உட்கார்ந்தான்.

சூத்திரத்தை அழித்துவிட்டு மறுபடி தட்டினான். 8.7. உத்தேசமாக இருபது சதவீதத்திலிருந்து தேடு என்று அதற்கு எடுத்துக் கொடுத்தான். எங்கிருந்து தேடினாலும் அது 8.7-க்கே வந்தது. ஷீட்டில் எங்கேயோ கோளாறு என்று புதிய ஷீட் திறந்து எல்லா எண்ணையும் கையால் ஏற்றினான். தேதி வைத்துக் கணக்கிடுகிற வேறொரு சூத்திரத்தைப் போட்டான், அதுவும் எட்டு புள்ளி சொச்சம். கம்ப்யூட்டர் பழசு என்று எழுந்து போய்ப் பக்கத்து மேஜையில் கயல்விழியின் கம்ப்யூட்டரில் போட்டான். அவள், "என்ன சார், காலைலேர்ந்து ஒரே ஷீட்டோட சண்டை போடுறீங்க?" என்று கேட்டாள். "ஒரு எரர்ம்மா, சரி பண்ணிட்டு இருக்கேன்" என்றான். எரர் எதுவுமே இல்லை. மூன்று வருடமாக இருந்த எரர் அன்று காலையில்தான் சரியாகியிருந்தது. தப்பைத் திருத்த அவனுக்குத் தெரியும். சரியாக இருப்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நடுவில் போன் துடித்தது. பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு முறை, பதினொன்று இருபதுக்கு ஒரு முறை. திரையில் 'புஷ்பா அக்கா'. இரண்டு முறையும் அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். இந்த எண்ணோடு அவளிடம் என்ன பேசுவது? நல்ல எண் வந்ததும் கூப்பிடலாம். கையெழுத்து நாளைக்குத்தானே.

கடைசியில் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, மண்டிக்காலத்தில் செய்வதுபோல் வெள்ளைத்தாளில் பேனாவால் போட்டான். ஐந்தாம் வருடத்து ஆறு லட்சம் இன்றைய மதிப்புக்கு எவ்வளவு, ஆறாம் வருடத்தது எவ்வளவு என்று எட்டு வருடத்தையும் தனித்தனியாகக் குறைத்துக் கூட்டினான். 18.6 வைத்துக் குறைத்தால் இருபத்துநான்கு லட்சத்தில் பாதிதான் தேறியது, பன்னிரண்டு லட்சத்துக்குச் சில ஆயிரம் மேலே வந்து நின்றது. 8.7 வைத்தால் கச்சிதமாக இருபத்துநான்கு. அவன் எழுத்திலேயே, அவன் கைக்கூட்டலிலேயே வந்துவிட்டது. கடிகாரத்தில் மணி ஒன்று.

திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் பஸ் ஏறினான். சிப்காட்டைத் தாண்டும்போது வழக்கமான நெடி ஜன்னல் வழியாக வந்து தொண்டையில் உட்கார்ந்தது. இருபத்தெட்டு வருடம் மாமா சுவாசித்த காற்று. அந்த இருபத்துநான்கு லட்சம் இந்த நாற்றத்திலிருந்துதான் வந்தது என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டியது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் போக, சொல்ல வேண்டியதை மனதுக்குள் கட்டிக்கொண்டே வந்தான். போட்டது போகட்டும் மாமா, வீட்டையாவது வைக்காதீங்க. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அழாமல் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தான்.

அம்மாப்பேட்டையில் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. புஷ்பவள்ளி பட்டுப்புடவையில் இருந்தாள், நெற்றி நிறையக் குங்குமம். காதில் மட்டும் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. தோடு அடகுக்குப் போய் ஏழு மாதமாகிறது.

"வாடா வா. நீயே வந்துட்டியா? ரெண்டு வாட்டி போன் பண்ணேன், எடுக்கவே இல்லியே."

"வேலைக்கா" என்றான். "என்னக்கா, பட்டுப்புடவைலாம்?"

"இன்னிக்கே கையெழுத்து ஆயிடுச்சுடா. நாளைக்கு மாமாவுக்கு சந்திராஷ்டமமாம். ஃபைனான்ஸ்காரரு இன்னிக்கே முடிச்சிக்கலாம், ராகு காலத்துக்கு முன்னாடி வந்துடுங்கன்னாரு. உன்ன ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னுதான் போன் பண்ணேன். மாமாதான், அவன் கணக்கு போட்டு குடுத்ததுதானே, இன்னும் கேக்க என்ன இருக்குன்னாரு. பன்னெண்டு மணிக்கு போட்டோம்."

பன்னிரண்டு மணிக்கு அவன் கயல்விழியின் கம்ப்யூட்டரில் இருந்தான். நான்காவது முறையாக அதே எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனாள். "காபித்தூள் நெறஞ்சிருக்கு. மாமா வாங்கினு வரத்தான் போயிருக்காரு. செத்த இரு." மூன்று வருடமாக இந்த வீட்டில் எல்லாமே நிறைந்துதான் இருக்கிறது. அவன் வரும்போதெல்லாம் எண்ணெய் நிறைந்திருக்கும், பருப்பு நிறைந்திருக்கும். அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அறுபதைத் தொட்ட மாமா ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருக்கிறார். அடுத்த வருடம் காய்த்துவிடும் என்கிற தெம்பில் இரண்டு பேரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதே இல்லை.

சுப்பராயலு காபித்தூள் பொட்டலமும் கால் கிலோ காராசேவுமாக வந்தார். "வா மச்சான்" என்று சிரித்தார். அதிகம் பேசாத மனிதர்.

"மாமா, அந்த ஷீட்டு பிரிண்டு இருக்குதா?"

சாமி அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல. ஜெயப்பிரகாஷுக்கு அதைத் தொடவே கை கூசியது. கட்டியிருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. நான்கு கோட்டையும் விரலால் காட்டி, காலையில் ரஃபியுதீன் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். பதினெட்டு இல்லை, எட்டு புள்ளி ஏழு என்று சொன்னான். போன் வந்தபோது கவிழ்த்து வைத்ததையும் சொன்னான். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவனால் முடியவில்லை.

சுப்பராயலு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த நாலு வருசம்?"

"கணக்குலயே வரல மாமா. அது தாண்டி போயிடுச்சு."

"தாண்டி போயிடுச்சா" என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

"பணத்த நிறுத்திடலாம் மாமா. திருப்பி கேக்கலாம். இன்னிக்குதானே..."

"பன்னெண்டரைக்கே நிலத்துக்காரரு அக்கவுண்டுக்கு போயிடுச்சு மச்சான். மெசேஜ் வந்துடுச்சு. ஒருக்கா குடுத்தா திருப்பி தரமாட்டோம்னு ஒப்பந்தத்துலயே இருக்குது. நீதான படிச்சு பாத்து, எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்கன்ன."

ஆமாம், அவன்தான் சொன்னான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவர் திட்டவில்லை. பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

புஷ்பவள்ளி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து குனிந்து அந்தத் தாளைப் பார்த்தாள். அவளுக்கு எக்செல் தெரியாது. கோடு தெரியும்.

"இதுல நாலாவது கோடுதானே இந்த வருசம்?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"ஒண்ணுமில்லாத வருசம்னுதானே கோடு போட்ட? நாங்க அதுலதான்டா இருக்கோம்." அவள் குரல் உயரவில்லை. "என் தோடு இந்தக் கோட்டுலதான் போச்சு. உங்க மாமாவுக்கு கால் வீங்கினது அதுக்கு முந்தின கோட்டுல. எல்லாம் நாலு வருசம்தானே, நாலு வருசம்தானேன்னு பல்ல கடிச்சினு இருந்தேன். இன்னிக்கு பட்டுப்புடவை கட்டினு போயி இன்னும் நாலு வருசத்துக்கு கையெழுத்து போட்டு வந்திருக்கேன்."

ஜெயப்பிரகாஷ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கண்ணீர் அந்தத் தாளின் உறைமேல் விழுந்தது. அதைச் சட்டை நுனியால் துடைத்தான். எதற்குத் துடைத்தோம் என்று அவனுக்கே புரியவில்லை. தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனது.

சுப்பராயலுதான் முதலில் எழுந்தார். பழகின வாய். என்ன ஆனாலும் வீட்டுக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பாத மனிதர்.

"காலைலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டான். புஷ்பா, அவனுக்கு ரெண்டு பிடி சோறு வடி."

புஷ்பவள்ளி உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவனுக்கு நினைவு தெரிந்து ஒரு நாளும் அவள் வாயில் வராத சொல் வந்தது.

"அரிசி இல்ல" என்றாள்.